இடைக்கால ஐரோப்பிய இசையை முதல்தடவ கேக்கப் போறீங்களா? ஹெஸ்பெரியோன் குழுல இருந்து ஆரம்பிங்க

வெஸ்டர்ன் கிளாசிக்கல்னு சொன்னதும் பாக், மொசார்ட், பீத்தோவன் தான் ஞாபகத்துக்கு வருவாங்க. அவங்களுக்கெல்லாம் பல நூறு வருஷம் முன்னாடி, சுமாரா 1100ல இருந்து 1400 வரைக்கும், பியானோவும் கிடையாது இன்னிக்கு இருக்கற வயலினும் கிடையாது, அந்த காலத்து ஐரோப்பாவுல பாடின, ஆடின, வாசிச்ச இசை ஒண்ணு இருக்கு, அத இன்னிக்கும் பழைய வாத்தியங்கள திரும்ப செஞ்சு மேடையில வாசிக்கற குழுக்கள் இருக்காங்க. அந்தப் பக்கம் இதுவரைக்கும் போகாதவங்களுக்குத் தான் இத எழுதறேன். ஸ்டாஃப் நொட்டேஷன் (கோடு போட்டு எழுதற மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு) தெரிய வேணாம், லத்தீன் தெரிய வேணாம், நல்ல ஹெட்ஃபோன் ஒண்ணும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஒரு விஷயத்த மட்டும் இப்பவே மனசுல வச்சுக்கோங்க. பழைய கையெழுத்துப் பிரதியில எழுதி வச்சிருக்கறது பாதி தான். என்ன வாத்தியம், எவ்வளவு வேகம், எத்தன பேர் பாடணும், நடுவுல யார் தனியா வாசிக்கணும், இதெல்லாம் பெரும்பாலும் அதுல இருக்காது, அந்த மீதி பாதிய இன்னிக்கு வாசிக்கற குழு தான் முடிவு பண்ணுது. எது பிரதியில இருந்து வருது, எது குழுவோட முடிவுன்னு காது பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சுட்டா இந்த இசை உங்களுக்குப் பிடிபட்டுடும், கீழ இருக்கற எல்லா படியும் அதுக்காகத் தான்.

ஏன் இந்தக் குழு

ஹெஸ்பெரியோன் 1974ல சுவிட்சர்லாந்துல பாசல் ஊர்ல ஆரம்பிச்சது. குழுவ நடத்தற ஜோர்டி சவால், அவர் மனைவி பாடகி மான்செராட் ஃபிகெராஸ், ரெண்டு பேரும் ஸ்பெயின்ல காத்தலோனியாவச் சேந்தவங்க, லூட்ங்கற மீட்டற நரம்பு வாத்தியம் வாசிக்கற ஹாப்கின்சன் ஸ்மித் அமெரிக்கர், குழல் வாத்தியம் வாசிச்ச லொரென்சோ ஆல்பெர்ட் அர்ஜென்டினாக்காரர். இப்படி மூணு நாட்டு ஆளுங்க பாசல்ல வந்து சேந்ததுக்குக் காரணம் ஸ்கோலா கான்டோரம் பாசிலியன்சிஸ்ங்கற இசைப்பள்ளி. பழைய இசையையும் பழைய வாத்தியத்தையும் ஆராய்ச்சியோட சேத்து சொல்லிக் குடுக்கணும்னே 1933ல ஆரம்பிச்ச இடம், இன்னிக்கு இந்தத் துறையில இருக்கற பெரிய பெரிய ஆளுங்க நிறைய பேர் அங்க படிச்சவங்க இல்லன்னா அங்க பாடம் எடுத்தவங்க.

குழுப் பேருக்குப் பின்னாடி முதல்ல ரோமன் எண்ல 20 இருந்தது, 2000ல நூற்றாண்டு மாறினப்ப அத 21 ஆக்கிட்டாங்க. அதனால தேடும்போது ரெண்டு எண்ணும் போட்டுத் தேடுங்க, இல்லன்னா முதல் 25 வருஷத்து ரெக்கார்டிங் எல்லாம் கண்ணுல படாமப் போயிடும். ஃபிகெராஸ் 2011ல இறந்துட்டாங்க, அவங்க பாடினது நிறைய இந்தப் பழைய ரெக்கார்டிங்ல இருக்கு.

ஆரம்பிக்கறவங்களுக்கு இந்தக் குழுவ நான் சொல்றதுக்குக் காரணம், சத்தம் உடனே பிடிச்சுப் போயிடும். பிற்பாடு மொராக்கோவுல இருந்து ஊத்ங்கற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கற திரிஸ் எல் மலூமி, துருக்கியில இருந்து கானூன் (மடியில வச்சு மீட்டறது) வாசிக்கற ஹக்கான் குங்கோர், சந்தூர் (நரம்பக் குச்சியால தட்டறது) வாசிக்கற கிரேக்கர் திமித்ரி சோனிஸ், தாளத்துக்கு ஸ்பெயின்காரர் பெத்ரோ எஸ்தேவான்னு மத்தியதரைக் கடலச் சுத்தி இருக்கற எல்லாக் கரையில இருந்தும் கலைஞர்கள் அவங்களோட வாசிச்சிருக்காங்க. இதுல சில பேருக்கு ஆட்சேபம் உண்டு, அதப் பத்தி நாலாவது படியில சொல்றேன்.

படி 1: எதையும் படிக்காம லிப்ரே வெர்மெல் கேளுங்க

பார்சிலோனா பக்கத்துல மான்செராட்னு ஒரு மலை, மேல ஒரு மடம், அங்க கருப்பு மேரி மாதா சிலை. இடைக்காலத்துல ரொம்பப் பெரிய யாத்திரைத் தலம், இன்னிக்கும் கூட்டம் போகுது. 1399ல அந்த மடத்துல ஒரு கையெழுத்துப் பிரதி எழுதினாங்க, பின்னாடி சிவப்பு அட்டை போட்டதால சிவப்புப் புத்தகம்னு பேராச்சு, அது தான் லிப்ரே வெர்மெல். அதுல பல தாள்கள் காணாமப் போச்சு, பாட்டுன்னு பாத்தா 10 மிஞ்சியிருக்கு.

இந்தப் பாட்டுகள எதுக்கு எழுதினாங்கன்னு அந்தப் பிரதியிலயே குறிப்பு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச குறிப்பு அது. யாத்திரை வர்ற ஜனங்க ராத்திரி கோயில்ல கண்ணு முழிக்கறப்ப பாடவும் ஆடவும் ஆசப்படறாங்க, பகல்ல வெளிய முற்றத்துலயும் அதே மாதிரி, ஆனா அங்க ஒழுக்கமான பக்திப் பாட்டு தான் பாடலாம், அதனால சிலத இங்க எழுதி வச்சிருக்கோம்னு சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, பல நாள் நடந்து மலையேறி வந்த ஜனங்க, களைப்பு இருந்தாலும் தூங்காம ஆடிப் பாடத் துடிக்கறாங்க, மடத்துக்காரங்க அதத் தடுக்காம நல்ல பாட்டாக் கொடுத்து வழி பண்றாங்க. சில பாட்டுக்கு மேல வட்டமா நின்னு ஆடறதுக்குன்னே எழுதியிருக்கு.

சவாலும் ஹெஸ்பெரியோனும் இத 1970கள் கடைசியில ஒருதடவ ரெக்கார்ட் பண்ணாங்க, பல வருஷம் கழிச்சு பார்சிலோனாவுல கச்சேரியா வாசிச்சதும் வெளிவந்திருக்கு. எது கிடைச்சாலும் சரி. நான் சொல்ற வரிசை இது: முதல்ல குங்க்டி சிமுஸ், அதுல ஒரே மெட்டு தான், ஆவே மரியான்னு திரும்பத் திரும்ப வரும், ரெண்டாவது தடவ கேக்கறப்பவே கூடப் பாடலாம். அடுத்து ஸ்டெல்லா ஸ்ப்ளென்டென்ஸ், இதுல ரெண்டு குரல் தனித்தனி வழியில போய் அப்பப்ப ஒண்ணா வந்து சேரும். அப்புறம் ஓ விர்கோ ஸ்ப்ளென்டென்ஸ், ஒருத்தர் ஆரம்பிச்ச மெட்ட கொஞ்சம் தள்ளி அடுத்தவர் ஆரம்பிப்பாரு, அதுக்குப் பின்னாடி இன்னொருத்தர். கடைசியா ஆட் மோர்டெம் ஃபெஸ்டினாமுஸ், சாவ நோக்கி ஓடிக்கிட்டு இருக்கோம் பாவத்த நிறுத்துவோம்னு பாடற பாட்டு, ஆனா மெட்டு ஆட்டத்துக்கு இழுக்கும். இந்த நாலயும் ஒரு வாரம் திரும்பத் திரும்ப கேளுங்க, வேற எங்கயும் தாவாதீங்க.

முதல்தடவ கேக்கறப்ப ஏதோ வெறுமையா இருக்கற மாதிரி தோணலாம். பின்னாடி வந்த மேற்கத்திய இசையில கார்டுன்னு நாம பழகினதுல ச, க, ப மூணும் சேந்து ஒலிக்கும். அந்தக் காலத்துல ஓய்வு எடுக்கற இடத்துல எல்லாம் சவும் பவும், இல்லன்னா சவும் மேல் சவும் மட்டும் தான் நிக்கும், காந்தாரம் அங்க வராது. அதனால தான் அந்த ஓசை கல்லுச் சுவர் மாதிரி நேரா நிக்குது.

படி 2: வாத்தியத்த ஒண்ணொண்ணா காதால அடையாளம் கண்டுபிடிங்க

எல்லாத்தையும் ஒரே நாள்ல மனப்பாடம் பண்ண வேணாம். முதல்ல ஃபிடில மட்டும் பிடிங்க, வியெல்னும் சொல்வாங்க. வில் போட்டு வாசிக்கற வாத்தியம், இன்னிக்கு வயலினுக்கு முன்னோர் வகை. கம்பி உலோகம் கிடையாது, ஆட்டுக் குடல முறுக்கிச் செஞ்ச நரம்பு, அதனால தான் அந்தக் கொஞ்சம் கரகரப்பான, மனுஷக் குரலுக்குப் பக்கத்துல இருக்கற ஓசை. நரம்பத் தாங்கற பாலம் அதிகம் வளையாம தட்டையா இருக்கறதால வில் ஒரே நேரத்துல ரெண்டு மூணு நரம்பத் தொடும், ஒண்ணுல மெட்டு போக மத்தது கீழ ஒரே சுருதியா ஓடிக்கிட்டே இருக்கும். 1280 வாக்குல பாரீஸ்ல இருந்த ஜெரோம் ஆஃப் மொராவியாங்கற துறவி, அஞ்சு நரம்பு ஃபிடிலுக்கு மூணு விதமா சுருதி சேக்கறத எழுதி வச்சிருக்காரு, அதுல ஒரு நரம்பு விரல் பலகைக்கு வெளிய தனியா ஓடும், சுருதிக்குன்னே. இன்னிக்கு வாசிக்கறவங்க கையில இருக்கற பெரிய ஆதாரம் அது. 1300 பக்கம் பாரீஸ்லயே யோஹான்னஸ் த க்ரோகெயோன்னு ஒருத்தர், நல்ல ஃபிடில் கலைஞருக்கு எல்லா வகைப் பாட்டும் வாசிக்க வரும்னு எழுதியிருக்காரு. அதாவது அன்னிக்கு நரம்பு வாத்தியத்துல ராஜா இது தான்.

இதக் காதுல பிடிச்சுட்டீங்கன்னா மத்தது சுலபம். ரெபெக் சின்னது, மூக்கால பாடற மாதிரி இருக்கும், அரபு உலகத்து ரபாப் வழியா வந்தது. லூட்டும் ஊத்ல இருந்து வந்தது தான், முஸ்லிம் ஆட்சியில இருந்த ஸ்பெயின் வழியா ஐரோப்பாவுக்குள்ள நுழைஞ்சது, அந்தக் காலத்துல விரலால இல்ல, இறகுத் தண்டால மீட்டினாங்க. சால்டெரி மடியில வச்சு மீட்டற தட்டையான பெட்டி, மணி மாதிரி ஒலிக்கும். ஷாம் நாதஸ்வரம் மாதிரி இரட்டை நாக்கு வச்ச ஊதற வாத்தியம், திறந்தவெளிக்குன்னே செஞ்சது, ரொம்பச் சத்தம், வந்தா தவறவே விட மாட்டீங்க. ஆர்கனெட்டோங்கறது ஒரு கையால துருத்தி அமுக்கி இன்னொரு கையால வாசிக்கற குட்டி ஆர்கன், 1397ல இறந்த கண் தெரியாத இசைக்கலைஞர் ஃப்ரான்செஸ்கோ லாண்டினிய பழைய படத்துல இத வச்சுக்கிட்டுத் தான் பாக்கலாம்.

இந்த வாத்தியத்துல எல்லாம் அசலா மிஞ்சினது கையில எண்ணற அளவு தான். பிரிட்டிஷ் மியூசியத்துல 1300களோட ஆரம்பத்துல செஞ்ச சிட்டோல்ங்கற மீட்டற நரம்பு வாத்தியம் ஒண்ணு இருக்கு, அதையும் பின்னாடி யாரோ வயலினா மாத்திட்டாங்க. அப்போ இன்னிக்கு எத வச்சு செய்யறாங்கன்னா, கல்லும் ஓவியமும் தான். ஸ்பெயின்ல சாந்தியாகோ தே கொம்போஸ்டெலா கதீட்ரல்ல 1188ல மேஸ்திரி மத்தேயோ வச்ச வாசல்ல பைபிள்ல வர்ற 24 பெரியவங்க சிலையா உக்காந்திருப்பாங்க, பல பேர் கையில வாத்தியம், ரெண்டு பேர் சேந்து வாசிக்கற, சக்கரத்தச் சுத்தி நரம்ப ஒலிக்க வைக்கற ஆர்கனிஸ்ட்ரும் உச்சியில இருக்கு. சிற்பி அவ்வளவு நுணுக்கமா செதுக்கியிருக்கறதால அதப் பாத்தே வாத்தியம் செஞ்சிருக்காங்க. இன்னொண்ணு, ஸ்பெயின்ல காஸ்டீல் ராஜா பத்தாவது அல்ஃபோன்சோ (1221-1284) காலத்துல தொகுத்த காண்டிகாஸ் தே சாண்டா மரியாங்கற மாதா பாட்டுத் தொகுப்பு, 400க்கு மேல பாட்டு, ஸ்பெயின்ல எஸ்கோரியல் மடத்துல இருக்கற பிரதியில பத்துப் பாட்டுக்கு ஒரு தடவ வாத்தியக்காரங்க படம் வரும். அதுல ஒரு படத்துல முஸ்லிம் கலைஞர் ஒருத்தரும் கிறிஸ்தவக் கலைஞர் ஒருத்தரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து வாசிக்கறாங்க. இந்தப் படங்கள இணையத்துல தேடிப் பாத்துட்டு அப்புறம் கேளுங்க, காது தானா கூர்மையாகும்.

படி 3: பிரதியில என்ன இருக்கு, என்ன இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க

இது தான் முக்கியமான படி, அவசரப்படாதீங்க.

ரொம்பப் பழைய பிரதிகள்ல, உதாரணத்துக்கு 900களோட ஆரம்பத்துல சுவிட்சர்லாந்து சாங்க்ட் காலன் மடத்துல எழுதினதுல, வார்த்தைக்கு மேல சின்னச் சின்னக் கோடும் வளைவும் மட்டும் இருக்கும், நியூம்னு பேரு. மெட்டு மேல போகுதா கீழ வருதா, எங்க நிறுத்தணும், எங்க விரைசா போகணும்னு சொல்லும், ஆனா எந்த ஸ்வரம்னு சொல்லாது, ஏற்கனவே மெட்டு தெரிஞ்சவருக்கு ஞாபகப்படுத்தறதுக்கு எழுதினது. 1025 வாக்குல இத்தாலியில கைடோ ஆஃப் அரெஸ்ஸோ கோடு போட்டு ஸ்வரத்த வைக்கற முறையப் பரப்பினாரு, அதுக்கப்புறம் முன்ன பின்ன கேக்காத மெட்டக் கூட பாத்துப் பாட முடிஞ்சது. தாளம் இன்னும் லேட்டா தான் வந்தது. 1200 பக்கம் பாரீஸ் நோட்ர்டாம் கதீட்ரல்ல பல குரல் இசைக்குத் தாளத்த குறிக்க ஆரம்பிச்சாங்க, 1300கள்ல ரொம்ப நுணுக்கமாச்சு.

இப்போ இத வச்சு தெற்கு பிரான்ஸ்ல த்ரூபதூர் கவிஞர்கள் பாட்ட எடுத்துக்கோங்க. கவிதைன்னு பாத்தா சுமார் 2500 மிஞ்சியிருக்கு, மெட்டோட இருக்கறது அதுல பத்துல ஒரு பங்கு தான், அந்த மெட்டுலயும் ஸ்வரம் இருக்கு தாளம் இல்ல. பெண் கவிஞர்கள்ல மெட்டோட கிடைச்சது கொம்தெஸ்ஸா தே தியாவோட ஆ சந்தார் ஒண்ணே ஒண்ணு. ஏமாத்தின காதலன்கிட்ட, பாட விரும்பாதத பாட வேண்டியிருக்கேன்னு ஆரம்பிக்கற பாட்டு. ஃபிகெராஸ் 1970கள்ல இதப் பாடியிருக்காங்க, கேட்டே ஆகணும். மெட்டு பிரதியில இருந்து வருது. அந்த இழுத்து இழுத்துப் பாடற வேகம், கூட வர்ற வாத்தியம், சரணத்துக்கு நடுவுல வர்ற வாசிப்பு, இது எல்லாம் குழு யோசிச்சுப் பண்ணினது. பொய்னு அர்த்தம் இல்ல, அந்தக் காலத்துப் படம், சிற்பம், எழுத்து, இன்னிக்கும் உயிரோட இருக்கற மரபுகள்னு பலதப் பாத்து எடுக்கற முடிவு அது.

கீழ ஒரு சுருதி நிக்க மேல ஒரே மெட்டு விரியறது நம்ம காதுக்குப் பழக்கம், அந்த விஷயத்துல தம்புரா கேட்டு வளந்தவங்களுக்கு இந்த இசை சட்டுனு பிடிச்சுடும். அதுக்காக ராகம் தேட ஆரம்பிக்காதீங்க, அது வேற இலக்கணம்.

படி 4: ஒரே பாட்ட ரெண்டு குழு வாசிக்கறதக் கேளுங்க

லிப்ரே வெர்மெல்ல எந்த வாத்தியமும் எழுதல. ஹெஸ்பெரியோன் அதுல ஃபிடில், ஷாம், தாளம்னு சேக்கறாங்க. அதே பாட்டுகள பிரான்ஸ் குழு அல்லா ஃப்ரான்செஸ்கா ரெக்கார்ட் பண்ணியிருக்கு, பக்கத்துல பக்கத்துல வச்சு கேளுங்க. ரெண்டுலயும் மாறாம இருக்கறது என்ன, அது பிரதி. மாறறது என்ன, அது குழு. ஒரு தாள்ல எழுதிக்கிட்டே கேட்டா இன்னும் நல்லது.

இப்போ அந்த ஆட்சேபம். மான்செராட் மலையில ஊத்தும் சந்தூரும் எதுக்கு, அவ்வளவு தாள வாத்தியம் எதுக்குன்னு கேக்கறவங்க உண்டு. 1980கள்ல இங்கிலாந்துல கிறிஸ்டோஃபர் பேஜ், அவரோட காதிக் வாய்சஸ் குழு, இவங்க 1300கள்ல பிரெஞ்சு பல குரல் காதல் பாட்டெல்லாம் வாத்தியமே இல்லாம வெறும் குரல்ல பாடியிருக்கலாம்னு ஆதாரத்தோட வாதாடி பாடியும் காட்டினாங்க, அது நிறைய பேர் காத மாத்திடுச்சு. என்னோட கருத்து, பேஜ் பக்கம் ஆதாரம் வலுவா இருக்கு, ஆனா திறந்த முற்றத்துல ஜனங்க வட்டமா ஆடற பாட்டுக்கு சவாலோட வழி தான் எனக்கு உயிரோட இருக்கு. ரெண்டும் வேற வேற பாட்டு வகை, ஒண்ண வச்சு இன்னொண்ண அடிக்கத் தேவையில்ல.

இன்னும் பெரிய வித்தியாசம் கேக்கணுமா, பிரெஞ்சு இசையமைப்பாளர் கியோம் த மஷோ (1377ல இறந்தாரு) எழுதின நோட்ர்டாம் மாஸ (கத்தோலிக்கப் பூசைக்கான இசை) எடுத்துக்கோங்க. ஹில்லியர்ட் குழு பாடினது தெளிவா, நேரா, ஒவ்வொரு குரலும் தனியா கேக்கும். மார்செல் பெரெஸோட ஆர்கனும் குழு அதையே கோர்சிகா தீவு பாடகர்களோட கனமான குரல்ல, கமகம் மாதிரி அசைவோட பாடியிருக்காங்க. பிரதி ஒண்ணு தான்னு நம்பவே முடியாது.

படி 5: சாகித்யத்த கையில வச்சுக்கோங்க

இது சின்ன விஷயம் தான், ஆனா பெரிய பலன். சவால் 1998ல ஆரம்பிச்ச அலியா வோக்ஸ் கம்பெனி சிடியோட வர்ற புத்தகத்துல பாட்டும் மொழிபெயர்ப்பும் பல மொழியில இருக்கும். ஸ்ட்ரீமிங்ல கேக்கறவங்க பாட்டோட முதல் வரியப் போட்டுத் தேடினாலே பெரும்பாலும் அர்த்தம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை, கார்மினா புரானான்னு ஒரு இடைக்காலப் பாட்டுத் தொகுப்பு இருக்கு, அதத் தேடினா முதல்ல வர்றது கார்ல் ஓர்ஃப் இசையமைச்சு 1937ல அரங்கேறினது, பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோட. வார்த்தை தான் பழசு. அசல் பிரதி 1803ல பவேரியாவுல பெனடிக்ட்பாயர்ன் மடத்துல கிடைச்சது, இப்போ மியூனிக்ல இருக்கு, அதுல இருக்கற மெட்டுகள் வேற.

படி 6: அடுத்த குழுக்கள்

ஹெஸ்பெரியோன் பழகினப்புறம் செக்வென்ஷியாவுக்குப் போங்க. பாசல்ல படிச்ச ரெண்டு அமெரிக்கர்கள், பெஞ்சமின் பாக்பியும் பார்பரா தோர்ன்டனும், 1977ல ஆரம்பிச்சு ஜெர்மனியில கோலோன் ஊர்ல ரொம்ப வருஷம் இருந்த குழு. ஜெர்மன் கன்னியாஸ்திரி ஹில்டகார்ட் ஆஃப் பிங்கன் (1098-1179) எழுதின இசை மொத்தத்தையும் ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. ஹில்டகார்டோட ஓர்டோ விர்டூடும் நாடகத்துல நற்குணங்கள் எல்லாம் பாடும், சாத்தானுக்கு மட்டும் பாட்டு கிடையாது, கத்த மட்டும் தான் முடியும். தோர்ன்டன் 1998ல இறந்துட்டாங்க. பாக்பி தனியா யாழ் மாதிரி ஆறு நரம்பு லயர் ஒண்ண மடியில வச்சுக்கிட்டு பெயவுல்ஃப் காவியத்த பழைய ஆங்கிலத்துல சொல்றாரு, அதுக்கு ஒரு ஸ்வரம் கூட எழுதப்பட்டுக் கிடைக்கல, முழுக்க அவர் கட்டினது. படி 3ல சொன்னதோட எல்லை அது, கட்டாயம் பாருங்க. இத்தாலியில மிக்ரோலோகுஸ், 1300கள் கடைசியில வந்த சிக்கலான தாளத்துக்கு மாலா புனிகா, பிரான்ஸ்ல கில் பான்ஷ்வா குழு, இவங்க எல்லாம் அதுக்கப்புறம்.

படி 7: நேர்ல கேக்கப் போறப்ப

ஐரோப்பாவுல இருக்கறவங்களுக்கு வாய்ப்பு நிறைய. நெதர்லாந்துல உத்ரெக்ட் நகரத்துல ஆகஸ்ட் கடைசியில பழைய இசைக்குன்னே பெரிய திருவிழா நடக்குது, தெற்கு பிரான்ஸ்ல ஃபோன்ஃப்ருவாத் மடத்துல சவால் ஜூலையில நடத்தறாரு. பாசல், சூரிச் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க ஸ்கோலா மாணவர்கள் கச்சேரிகளப் பாருங்க, பலது இலவசம்.

முன் வரிசையில உக்காருங்க, ஷாம் மாதிரி சிலதத் தவிர இந்த வாத்தியங்கள் மெல்லிசா தான் ஒலிக்கும், பெரும்பாலும் மைக் இருக்காது. கல்லுக் கோயில்ல பின்னாடி உக்காந்தா எதிரொலி எல்லாத்தையும் குழப்பிடும். கோடையிலும் உள்ள குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. பாட்டுக்குப் பாட்டு சுருதி சேத்துக்கிட்டே இருப்பாங்க, குடல் நரம்பு ஈரத்துக்கும் சூட்டுக்கும் உடனே மாறிடும், அதுக்குச் சலிச்சுக்காதீங்க. பல பாட்டத் தொடுத்து நிறுத்தாம வாசிக்கற பழக்கம் இருக்கு, அதனால மத்தவங்க தட்டறப்ப கை தட்டினா போதும். முடிஞ்சதும் வாத்தியத்தப் பக்கத்துல போய் பாக்கணும்னு கேட்டா பெரும்பாலும் சந்தோஷமா காட்டுவாங்க.

படி 8: நீங்களே பாடணும்னா

வாத்தியம் வாங்க அவசரப்படாதீங்க, ஒவ்வொண்ணும் கையால செய்யறது, விலை அதிகம். குரல் போதும். லிப்ரே வெர்மெல் பாட்டுகளோட நொட்டேஷன் கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரியில இலவசமா கிடைக்குது. குங்க்டி சிமுஸ்ல ஆரம்பிங்க, ஒருத்தர் சரணம் பாட மத்தவங்க ஆவே மரியா பிடிக்கலாம், நடக்கற வேகத்துல. அது வந்ததும் இன்னும் ரெண்டு பேரச் சேத்துக்கிட்டு அதே புத்தகத்துல இருக்கற லௌடேமுஸ் விர்கினெம் பாடுங்க, எல்லாருக்கும் ஒரே மெட்டு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நுழையணும், அவ்வளவு தான். அடுத்தவர் குரலக் கேக்காம சொந்த வரிய மட்டும் பிடிச்சுக்கிட்டா ரெண்டாவது சுத்துலயே கலைஞ்சுடும், அதனால முதல்ல மெதுவா, கண்ணப் பாத்துக்கிட்டுப் பாடுங்க.